அத்தையா, பெரியம்மாவா

"லிஸ்ட்டுன்னா என்னப்பா? ஒரே வார்த்தையில சொல்லு, நோடோணா, பாக்கலாம்" என்று கன்னடக்கார முதலாளி கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சில வருடங்களாக அந்த லிஸ்ட்டோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரரைத் தினமும் பார்க்கிறோம், சிரிக்கிறோம். அவர் யார், எந்த ஊர் என்று யாராவது கேட்டால் மட்டும் விழிக்கிறோம் அல்லவா, அப்படி விழித்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. பெங்களூரில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடிதான் எங்கள் அலுவலகம். தொழிற்சாலைகளில் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு சின்னக் கணினி மொழியை உண்டாக்கி விற்றுக்கொண்டிருந்தோம். அதாவது முதலாளி விற்றார், நான் எழுதினேன். என்னோடு இன்னொருவரும் எழுதினார். அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அவருடைய நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. அதன்மேல் என் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொள்வேன். முதலாளி வெளியூர் போய்விட்டால் நாள் முழுக்க அந்த மாடியில் நானும் பையும்தான்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதற்குக் காரணம் ஓசூரில் இருந்த ஒரு வாடிக்கையாளர். எங்கள் மொழியிலேயே பிறந்த லிஸ்ட் அவருக்குப் போதவில்லை. கருவிகள் தரும் அளவுகளைச் சேர்த்துவைக்கத் தானே ஒரு வகையை எழுதிக்கொண்டார். அதில் எத்தனை இருக்கிறது என்று கேட்கலாம். மூன்றாவது எது என்று கேட்கலாம். முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாக எடுக்கலாம். லிஸ்ட் செய்கிற எல்லாவற்றையும் அது செய்தது. ஆனால் எங்கள் நிரல்களுக்குள் அனுப்பினால், "நீ லிஸ்ட்டா?" என்று வாசலிலேயே கேட்டு, "இல்லை" என்றதும் திருப்பி அனுப்பிவிடும்.

"நம்ம ஊர் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு சார்" என்றேன். "சாப்பிடத் தெரிஞ்சா போதாது. யார் வீட்டு ஆளுன்னு கேக்கறாங்க."

"அதான்ப்பா பேஜாரு. லிஸ்ட்டுக்கு மேல ஒண்ணு வை. செட், மேப், ஸ்ட்ரிங் எல்லாத்துக்கும் மேல வை. 'நீ லிஸ்ட்டா'ன்னு கேக்காம, 'நீ இந்த வகையா'ன்னு கேக்கற மாதிரி பண்ணு."

செட், மேப், ஸ்ட்ரிங் மூன்றும் லிஸ்ட் போலவே எங்கள் மொழியோடு பிறந்த வகைகள். இப்படி எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றை வைப்பதற்கு எங்கள் தொழிலில் அப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸ் என்று பேர். அதற்கென்று உடம்பு கிடையாது. அது தனியாக உலகத்தில் நடமாடாது. 'என் பேரைச் சொல்லிக்கொள்பவர்கள் இன்னின்ன வேலை தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்' என்று சொல்லிவிட்டு மேலே உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான்.

அந்த 'இன்னின்ன வேலை' ஒவ்வொன்றுக்கும் மெத்தட் என்று பேர். நான் தமிழில் படித்தவன். கல்லூரிப் படிப்புத் தபாலில் வந்தது. கணினிப் படிப்பு நடைபாதைப் புத்தகக் கடையிலிருந்து வந்தது. ஆங்கிலப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது, மெத்தட் என்று வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் மேலே 'முறை' என்று எழுதிக்கொள்வேன். செய்முறை. சரியான சொல்தான். ஆனால் எங்கள் வாணியம்பாடிப் பக்கம் முறை என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேறு. இரண்டு பேர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால், ஊர் தாண்டுவதற்குள் ஒருவர் கேட்டுவிடுவார்: "அப்ப அவரு உனக்கு என்ன முறை வேணும்?" உறவு. யாரை என்ன சொல்லிக் கூப்பிடலாம், யாரைக் கேலி செய்யலாம், யாருக்கு முன்னால் சட்டை போடாமல் நிற்கக்கூடாது, யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம்.

எனக்கு அந்தக் கேள்விக்குச் சொல்ல ஆளே இல்லை. அம்மா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பா நான் பெங்களூர் வருவதற்கு முந்தைய வருடம். கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மெஜஸ்டிக் பக்கம் நடக்கும்போது எஸ்.டி.டி. பூத் வாசல்களில் என்னைப் போன்ற பையன்கள் ஊருக்குப் பேச வரிசையில் நிற்பார்கள். கண்ணாடிக்குள்ளிருந்து "சாப்டேம்மா, சாப்டேன்" என்று கத்துவார்கள். நானும் சில நாள் அந்த வரிசையில் போய் நின்றிருக்கிறேன். முன்னால் ஆள் குறையக் குறைய, ஏதோ நினைவு வந்தவன் போல விலகிப் போய்விடுவேன். என்னிடம் எண் எதுவும் இல்லை.

அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் பேசுவதை வாயைப் பிளந்து கேட்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. யாராவது ஒரு பழமொழி சொன்னால் வீட்டுக்கு எடுத்துப் போகிற மாதிரி எடுத்துப் போவேன்.

ஒக்கலிபுரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் மொட்டைமாடி அறை ஒன்று காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். கீழே குடியிருந்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் எது, யார் வகையறா என்று சுற்றிவளைத்து விசாரித்தவர், "அட, நம்ம பக்கத்து ஆளுங்கதான்" என்று சாய்ந்து உட்கார்ந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"சரி, என்னை என்னான்னு கூப்பிடுவ?"

"ஆண்ட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"அது மட்டும் வேணாம். கேஸ் சிலிண்டர் தூக்கிட்டு வர்றவன்கூட ஆண்ட்டிங்கறான். அத்தைன்னு கூப்பிடு, இல்ல பெரியம்மான்னு கூப்பிடு. ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டும் எப்படிடி ஒண்ணாவும்?" என்றார் கணவர். "அத்தைன்னா நான் மாமா. மாமான்னா நம்மள அவன் கிண்டல் பண்ணுவான். பெரியம்மான்னா நான் பெரியப்பா, நான் அவனை அதட்டலாம். எனக்கு இந்த வீட்டுல அதட்டத்தான் ஆளில்ல."

இருவரும் சிரித்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. இரண்டு சொற்களில் ஒன்றுக்குள் 'அம்மா' இருந்தது. "பெரியம்மா" என்றேன். காபியைக் குடிப்பது போல் குனிந்துகொண்டேன். மைசூரில் மகள் பி.எட். படிக்கிறாள் என்று அவர்கள் சொன்னது காதில் விழுந்தது, காதோடு போயிற்று.

அந்தச் சொல் எனக்குக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். காலையில் குழம்பு மிஞ்சினால் கிண்ணத்தில் மாடிக்கு வரும். ஜுரம் வந்தால் ரசம் வரும், திட்டும் வரும். பெரியப்பா சொன்னபடியே அதட்டினார். "மணி என்னாவுது, இப்பத்தான் வர்றியா?" என்று ஒருவர் வாசலில் நின்று கேட்பதற்காகவே நான் மெஜஸ்டிக்கில் சுற்றுவதை விட்டேன்.

சில மாதம் கழித்து, படிப்பு முடிந்து மகள் வந்தாள். ராஜாஜிநகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. துணி உலர்த்த மாடிக்கு வந்தவள், அறை வாசலில் நின்ற என்னைப் பார்த்து, கொஞ்சமும் தயங்காமல், "நீங்கதான் மாடி அண்ணனா? அம்மா போன்ல உங்க கதையாத்தான் சொல்லுவாங்க. அண்ணா, இந்தக் கயிறு உங்க பக்கம் அவுந்திருக்கு, கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க" என்றாள்.

பெரியம்மா மகள் தங்கை. அத்தை மகள் என்றால் முறைப்பெண். கயிற்றை இழுத்துக் கட்டும்போது எனக்கு அது உறைக்கவில்லை. சில வாரங்களில் உறைத்தது.

அவள் சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவாள். ஒவ்வொரு தாளையும் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பாள், பிறகு அந்தப் பையனுக்காக வருத்தப்படுவாள். தாய்க்கும் தகப்பனுக்கும் இல்லாத ஒரு நிதானம் அவளிடம் இருந்தது. ஒன்றைச் சொன்னால் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். நான் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்ப ஆரம்பித்தேன். அவளைத் தங்கச்சி என்று ஒருநாளும் கூப்பிடவில்லை. "டீச்சர்" என்பேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அண்ணா, ஆபீஸ்ல என்னதான் செய்யறீங்க? அப்பாவைக் கேட்டா, 'ஏதோ லிஸ்ட் எழுதறான்'ங்கறாரு. மளிகை லிஸ்ட்டான்னு நெனச்சேன்."

நான் சொன்னேன். எத்தனை என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவை ஒரு வகை. 'இவன் உனக்குள் இருக்கிறானா' என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவை ஒரு வகை. ஒவ்வொன்றாக எடுத்து நீட்டத் தெரிந்தவை ஒரு வகை. இந்த மூன்றும் தெரிந்து, இத்தனையாவது எது என்றும் சொல்லத் தெரிந்தால்தான் அது வரிசை.

"அப்ப பஸ்ஸுக்கு மொத மூணும் தெரியும்" என்றாள். "எத்தனை பேருன்னு தெரியும், நான் உள்ள இருக்கேனான்னு தெரியும், ஒவ்வொருத்தரா எறக்கியும் விட்டுடும். ஆனா அஞ்சாவது ஆளு யாருன்னு கேட்டா முழிக்கும். ரேஷன் கடை கியூவுக்குத்தான் அது தெரியும்."

"அதேதான். பஸ்ஸு செட், கியூ லிஸ்ட்."

கீழே படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா குரல் கொடுத்தார். "லிஸ்ட்டு செய்யறதெல்லாம் செஞ்சா அது லிஸ்ட்டாயிடுமா? அத்தைக்கு மீசை மொளைச்சா சித்தப்பாங்கற கதையால்ல இருக்கு!"

சிரித்தோம். அந்தப் பழமொழியை நான் அடுத்த நாள் முதலாளியிடம் சொல்ல, அவர் புரிந்துகொண்டு சிரிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வேலையில் ஒரு சிக்கல் வந்தது. மேலே வைக்கும் வகைகளை இப்போதுதான் செய்கிறேன். லிஸ்ட்டும் செட்டும் ஸ்ட்ரிங்கும் முன்னமே பிறந்துவிட்டன, நான் சேருவதற்கு முன்பே அடிமட்டத்தில் முதலாளி கையாலேயே எழுதப்பட்டவை. பிள்ளைகள் முதலில் வந்துவிட்டன, பெற்றோரைப் பின்னால் செய்கிறோம். அவற்றை மறுபடி பிறக்கவைக்க முடியாது. அதனால் பதிவு என்று ஒரு வழி செய்தேன். 'இந்த லிஸ்ட் இனி வரிசை வகையைச் சேர்ந்தது' என்று ஒரு வரி எழுதினால் போதும். அதன்பின் யார் கேட்டாலும் 'ஆமாம், நான் அந்த வகை' என்று பதில் வரும்.

"தத்து எடுக்கற மாதிரியா?" என்றாள் டீச்சர்.

"தத்துன்னா சொத்து வரும். இதுல ஒண்ணும் வராது. அந்த வகைக்குக் கீழ முறையாப் பொறந்தா, ரெண்டு மூணு வேலைய நீ எழுதினாப் போதும், மீதி வேலையெல்லாம் மேலேருந்து தானா எறங்கும். பதிவு பண்ணினா எதுவும் எறங்காது. எல்லாத்தையும் நீயே எழுதிக்கணும். கேட்டா ஆமாம்னு மட்டும் சொல்லும்."

"எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி. எதைக் கேட்டாலும் ஆமாங்கறாங்க. கையெழுத்து மட்டும் வராது."

அவள் போன பிறகு நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நானும் அந்த வீட்டில் பதிவு செய்யப்பட்டவன்தான். கேட்டால் மகன் என்று பதில் வரும்.

சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்களில் பெரியப்பாவின் குரல் குறுக்கே வரும். பின்தெருவில் ஒருத்தன் சித்தப்பா முறையாகிறவரின் மகளைக் கட்டிக்கொண்டானாம். "தங்கச்சி முறை ஆவற பொண்ணு! நாய்கூட அந்த வீட்டுத் தண்ணியக் குடிக்காது" என்று அவர் சொன்னபோது நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அந்த வீட்டில் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை. வேறு எந்தத் தடையும் இல்லை. அத்தை என்று ஒரு சொல்லை அன்றைக்குச் சொல்லியிருந்தால், பெரியப்பாவே ஒருநாள், "ஏன், நம்ம மாடிப் பையனுக்கே குடுத்தா என்ன?" என்று ஆரம்பித்திருப்பார். அப்படிப்பட்ட மனுஷர்தான். இப்போதோ நான் வாயைத் திறந்தால் முறைகெட்டவன்.

அலுவலகத்தில் யாரும் கேட்காத ஒரு வேலையைச் செய்தேன். பதிவு செய்ததைத் திரும்ப எடுக்க ஒரு வழி எழுதினேன். 'இது இனி அந்த வகை இல்லை' என்று ஒரு வரி. எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஓட்டிப் பார்த்தால் குழப்பம். எங்கோ ஒரு நிரல் முன்பே கேட்டு, ஆமாம் என்ற பதிலை வாங்கி, அதை நம்பிப் பாதி வேலையை முடித்திருக்கும். நடுவில் நான் பதிவை எடுத்துவிட்டால் அது அந்தரத்தில் நிற்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று விழும். விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி ஊரில் இல்லை. பங்களா மாடியில் மின்விசிறிச் சத்தம்தான் துணை.

அப்போதுதான் வரன் வந்தது. சேலத்தில் வேலை, ஜோலார்பேட்டைக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

"நீதான்டா முன்ன நிக்கணும்" என்றார் பெரியம்மா. "ஆம்பளப் புள்ள இல்லாத வீடுன்னு அவங்க நெனச்சிடக் கூடாது. வாசல்ல நீ நின்னு வாங்கன்னு கூப்பிடு."

தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. என்ன செய்வது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு சொல்லால் வந்தது, ஒரு சொல்லால் போகாதா?

மறுநாள் காலை. காவேரித் தண்ணீர் வருகிற நாள். பெரியம்மா தொட்டியருகே குடத்தோடு நின்றார். பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகள் வாசல்படியில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் படியிறங்கி வந்தேன். மாடியிலிருந்தே மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த சொல்லை, எதுவும் நடக்காதது போலச் சொன்னேன்.

"அத்தை, தண்ணி வந்துடுச்சா?"

பெரியம்மா திரும்பினார். "இன்னாது?"

"தண்ணி..."

"அது கெடக்கட்டும். யாருடா அத்தை? இவ்வளோ நாளு சோறு போட்டது பெரியம்மா, இன்னிக்கு அத்தையா?" என் நெற்றியில் ஈரக்கையை வைத்துப் பார்த்தார். "ஏங்க, புள்ளைக்கு ஜுரம் போலிருக்கு. ஆளே மாறிப் பேசறான்."

"கம்ப்யூட்டரையே பாத்துப் பாத்து மூளை சூடாயிடுச்சு" என்றார் பெரியப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "லீவு போட்டுப் படுக்கச் சொல்லு."

பின்னிக்கொண்டிருந்த மகளின் கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு பின்னலை அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள். ஒரு சொல்லை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறவள் அவள். புரிந்துகொண்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் மாடிக்கு வந்தாள். கையில் பரீட்சைத் தாள் இல்லை, துணியும் இல்லை.

"காலையில எங்கம்மாவை அத்தைன்னீங்க."

"ஆமா."

"வாய் தவறி வந்ததா?"

"இல்ல."

கீழே ஒரு ரயில் போயிற்று. அது முழுக்கப் போகும்வரை இருவரும் நின்றோம்.

"நான் அண்ணான்னு கூப்பிட்டது சும்மா மரியாதைக்குன்னு நெனச்சீங்களா? பஸ்ல கண்டக்டரைக் கூப்பிடற மாதிரி?"

நான் துணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், எங்கண்ணன் கம்ப்யூட்டர்ல இருக்காருன்னு. மைசூர்ல ஹாஸ்டல்ல எல்லாப் பொண்ணுங்களையும் பார்க்க அண்ணனுங்க வருவாங்க. எனக்கு யாரும் வரமாட்டாங்க. இங்க வந்தா மாடியில நீங்க இருந்தீங்க. எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு உங்களுக்குத் தெரியாது." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது, சமாளித்துக்கொண்டாள். "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா நான் நெஜமா கூப்பிட்டேன். இப்ப வந்து அது இல்லன்னு சொன்னா, நான் இத்தனை நாள் யாரைக் கூப்பிட்டேன்?"

நான் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும்தான் யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன். கீழ்வீட்டில் தாய் தகப்பனோடு வளர்ந்த பெண்ணுக்கும் ஓர் ஆள் குறைந்தது. அந்த ஆள் நான்.

"சரிம்மா" என்றேன்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான். ஞாயித்துக்கெழம ஸ்வீட்டு எங்க வாங்கணும்? ஸ்ரீராம்புரத்துலயா, மல்லேஸ்வரத்துலயா?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "மல்லேஸ்வரத்துல. ஸ்ரீராம்புரத்துல டால்டா வாசனை வருது, அண்ணா."

அந்த வாரம் முதலாளி ஊரிலிருந்து திரும்பி என் வேலையைப் பார்த்தார். வகைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். எத்தனை சொல்வது, உள்ளதா சொல்வது, எடுத்துக்கொடுப்பது. வரிசைக்கு எது மேல், மேப்புக்கு எது மேல். ஓசூர்க்காரருடைய வகையைப் பதிவு செய்து ஓட்டிப் பார்த்தார். வாசலில் யாரும் தடுக்கவில்லை. திருப்தியானார். பிறகு பழைய பிரதியில், நான் நீக்கியிருந்த பகுதி கண்ணில் பட்டது.

"இது என்னப்பா? பதிவைத் திரும்ப எடுக்கறதுக்கு எழுதிட்டு அப்புறம் அழிச்சிருக்க. நல்ல வசதிதானே?"

"வேண்டாம் சார். ஒருத்தன் கேட்டு, ஆமாம்னு பதில் வாங்கி, அதை நம்பி வேலைய ஆரம்பிச்சிருப்பான். நடுவுல இல்லன்னா அவன் கதி?"

"சரி, தப்பாப் பதிவு பண்ணிட்டா?"

"பண்ணினவன் அந்த வேலைய எல்லாம் செய்யக் கத்துக்கணும் சார். வேற வழி இல்ல."

அவர் கொஞ்சம் யோசித்தார். கன்னடத்தில் ஒன்று சொன்னார்: "மாத்து ஆடிதரெ ஹோயித்து, முத்து ஒடெதரெ ஹோயித்து." பேச்சைப் பேசினால் போயிற்று, முத்தை உடைத்தால் போயிற்று. "எங்கம்மா சொல்லுவாங்க. ரைட்டு, அப்படியே விடு."

வழக்கமாக ஒரு பழமொழி கிடைத்தால் ஒக்கலிபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சொல்வேன். அதை மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரன் முடிவாயிற்று. கற்றுக்கொண்டேன். மேலேயிருந்து எதுவும் தானாக இறங்கவில்லை. அண்ணன் என்றால் மண்டபக்காரனிடம் எப்படிப் பேசுவது, சமையல்காரரை எங்கே மடக்குவது, மாப்பிள்ளை வீட்டார் முறைத்துக்கொண்டால் எப்போது தணிவது, எப்போது தணியக்கூடாது எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்தேன். பல இடத்தில் தப்பாகச் செய்தேன். பந்தியில் சம்பந்தி வீட்டுப் பெரியவருக்கு இலையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். "அண்ணன்காரனுக்கு இலையோட நுனி எந்தப் பக்கம்னு தெரியலயே" என்று யாரோ சிரித்தார்கள். "அவன் கம்ப்யூட்டர்காரன், அவனுக்கு எல்லாம் நேர்கோடுதான்" என்று பெரியப்பா எனக்காகப் பரிந்து பேசினார்.

மணமேடையில் புரோகிதர் நிமிர்ந்து, "பொண்ணோட கூடப் பொறந்தவர் யாரு? பொரி போடணும், வரச் சொல்லுங்கோ" என்றார்.

ஒரு நொடி யாரும் அசையவில்லை. அல்லது எனக்குத்தான் அப்படி இருந்ததோ என்னவோ. நான் கூடப் பிறந்தவனில்லை என்று தெரிந்தவர்கள் நாலு பேர் கூட்டத்தில் தெரியாதவர்கள் போல நின்றார்கள்.

"டேய், மாடிக்காரா! எங்கடா போய் நிக்கற? வா இப்படி" என்றார் பெரியம்மா, சத்தமாக.

போனேன். அவள் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள். நான் பொரியை அள்ளி அந்தக் கையில் போட்டேன். கையில் எடையே இல்லை. பொரிக்கு என்ன எடை இருக்கும். புகை கண்ணில் பட்டது. எல்லோருடைய கண்ணும் கலங்குகிற இடம் அது, அதனால் யாரும் என்னைத் தனியாகப் பார்க்கவில்லை.

இரவு சாப்பாடு அங்கேயே முடிந்தது. மறுநாள் காலை அவர்கள் சேலத்துக்கு ரயில் ஏறினார்கள். பெட்டிகளை நான் ஏற்றினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மாவிடம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பால்காரர், கேஸ் புத்தகம், அப்பாவின் மாத்திரை. மாப்பிள்ளை கதவருகே வந்து நின்றார். நல்ல மனுஷர், கொஞ்சம் கூச்சக்காரர்.

"மச்சான்" என்றார் என்னிடம். "தீபாவளிக்கு வருவோம். ஸ்டேஷனுக்கு நீங்க வந்துடுங்க."

என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பின்னால் திரும்பிப் பார்க்க இருந்தேன், நல்லவேளை, பார்க்கவில்லை.

"வந்துடறேன்" என்றேன். அதற்குப் பிறகு ஒரு சொல் வர வேண்டும். அது வருவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. அவள் கை ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச தூரம் தெரிந்தது.

பெரியம்மாவும் பெரியப்பாவும் ஸ்டேஷன் மேம்பாலத்தில் படியேற ஆரம்பித்தார்கள். இருவரும் ஒரே நாளில் வயதானவர்கள் போல நடந்தார்கள். நான் கொஞ்சம் பின்தங்கினேன். தண்டவாளம் காலியாகிவிட்டது. எதிர்ப் பிளாட்பாரத்தில் கூலிக்காரர் ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துடறேன், மாப்ள" என்று முழுசாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கேட்க ஆளில்லாத சொல். தீபாவளிக்குள் நாக்குக்குப் பழகிவிடும் என்று தோன்றியது.

"டேய், வர்றியா இல்லியா?" என்று மேலேயிருந்து பெரியப்பா அதட்டினார்.

போனேன்.